அடுத்தவர் கதையை எழுதுவது – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்பாட்டு அபகரிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. வெள்ளையர் கறுப்பரை எழுதக்கூடாது, ஆண் பெண்ணை எழுதக்கூடாது என்றால் கடைசியில் மிஞ்சுவது தன்வரலாறு மட்டும்தானே? கூடுவிட்டுக் கூடு பாய்வதே புனைவு என்று எழுதிய நீங்களா இந்தக் கூச்சலை ஆதரிக்கிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இப்போதும் அதைத்தான் நம்புகிறேன். உண்மையிலேயே பாய்ந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

ஆங்கில நாவலாசிரியர் ஜோசப் கான்ராடின் 'இருளின் இதயம்' 1899ல் வெளிவந்தது. காலனியச் சுரண்டலைக் கண்டு மனம் கொதித்தவர் எழுதிய கதை அது. 1975ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி அதைப் பிரித்துப் போட்டுக் காட்டினார். ஆப்பிரிக்க மண்ணில் நடக்கும் கதையில் ஆப்பிரிக்கர்கள் புரியும்படி வாய் திறப்பது இரண்டே இடங்களில். ஓரிடத்தில் ஒருவன், கரையில் இருப்பவர்களைப் பிடித்துக் கொடுங்கள், தின்கிறோம் என்கிறான். இன்னோரிடத்தில், வெள்ளைக்காரத் தந்த வணிகர் கர்ட்ஸ் செத்துவிட்டார் என்று ஒருவன் தகவல் சொல்கிறான். மற்றபடி வெறும் உறுமலும் கூச்சலும்தான். முன்பு இருமுறை அந்நாவலைப் படித்திருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை. அச்சிபி சொன்ன பிறகு அந்த மௌனத்தைத் தாண்டி என்னால் அதை வாசிக்க முடியவில்லை. இதைத்தான் நீங்கள் கூச்சல் என்கிறீர்கள். எனக்கு இது வாசிப்பு.

அது பழைய கதை என்பீர்கள். 2020ல், மெக்சிகோ வம்சாவளி அல்லாத அமெரிக்க எழுத்தாளர் ஜீனைன் கம்மின்ஸின் 'அமெரிக்கன் டர்ட்' நாவல் வந்தது. மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்கு உயிர் தப்பி ஓடும் தாயும் மகனும்தான் அதன் மையம். முன்பணம் மட்டுமே பத்து லட்சம் டாலரைத் தாண்டியதாகச் செய்தி. வெளியீட்டுக்கு முன் நடந்த விருந்தில் மேசை அலங்காரப் பூக்களோடு முள்கம்பியையும் சுற்றி வைத்திருந்தார்கள். அட்டைப்படத்தில் இருந்த முள்வேலியாம்! எத்தனையோ பேரின் சதையைக் கிழித்த கம்பி அங்கே சாப்பாட்டு மேசைக்கு அழகு சேர்த்தது. பதிப்பகமே பின்னர் அது தவறு என்று ஒப்புக்கொண்டது. எல்லை தாண்டிய அனுபவத்தை எழுதும் மெக்சிகோ வம்சாவளி எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் இருக்க, அந்தப் பணமும் விளம்பரமும் யாரைத் தேடிப் போயின என்று மெக்சிகோ வம்சாவளி எழுத்தாளர் மிரியம் குர்பா போன்றவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி அது. புத்தகம் தடை செய்யப்படவில்லை, நன்றாகவே விற்றது. ஆனாலும் விமர்சனம் வந்ததையே தணிக்கை என்றார்கள் பலர். எழுதுவேன், ஆனால் எழுதப்பட்டவர் பதில் பேசக்கூடாது என்ற அந்த எண்ணத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். இனவாதம் எப்போதும் வசைச்சொல்லாக வருவதில்லை. இப்படியும் வரும்.

என் கைப்பிரதி ஒன்றைச் சொல்கிறேன். அதில் வேற்று இனத்துப் பணிப்பெண் ஒருத்தி வருகிறாள். மிகுந்த பரிவோடுதான் எழுதினேன். அச்சிபியைப் படித்த வேகத்தில், அவள் பேசும் வரிகளுக்கெல்லாம் பென்சிலால் அடிக்கோடு போட்டேன். எல்லாமே பதில்கள். 'சரிங்க', 'வந்துடறேன்', 'பரவாயில்லைங்க'. முந்நூறு பக்கங்களில் அவள் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

அவள் கேட்கத் தொடங்கியதும் எஜமானியைப் பற்றி நான் எழுதியிருந்த பாதி அத்தியாயங்கள் நிற்கவில்லை. அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.