கையெழுத்து தேவைப்படாத ஓவியர்கள்

கேள்வி: டேப்லெட்டில் படம் வரையப் பழகுகிறேன். இணையத்தில் பார்ப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, அதே பெரிய கண், அதே வழவழப்பான நிறம். விதவிதமான பாணி ஓவியர்களை எங்கே தேடுவது?
- கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: முதலில் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பாட்டியோ அத்தையோ வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து, கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருக்கலாம். வாராவாரம் வந்த படங்கள் அதில் அப்படியே கிடைக்கும். 1950 முதல் 1954 வரை கல்கியில் பொன்னியின் செல்வன் வந்தபோது மணியம் வரைந்த படங்களை நான் அப்படி ஒரு பைண்டில்தான் முதலில் பார்த்தேன். குந்தவைக்கு ஒரு கொண்டை, நந்தினிக்கு வேறொரு கொண்டை. முகத்தை விரலால் மறைத்துவிட்டுத் தலையை மட்டும் பார்த்தாலும் யார் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சில்பி. ஆனந்த விகடனின் ‘தென்னாட்டுச் செல்வங்க’ளுக்காகக் கோயில் கோயிலாகப் போய் சிற்பத்துக்கு எதிரே உட்கார்ந்து வரைந்தவர். நகையின் ஒவ்வொரு மணியும் ஆடையின் ஒவ்வொரு மடிப்பும் அவர் கோட்டில் இருக்கும். அதே விகடனில் கோபுலு நேர் எதிர். தஞ்சாவூர்க்காரர், ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குப் படம் போட்டவர். ஒரே இழுப்பில் தோளும் முதுகும் வந்துவிடும், ஆனால் கூட்டத்தை வரைந்தால் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் தனி முகம், தனி வேலை கொடுத்திருப்பார். தீபாவளி மலர் கிடைத்தால் அந்தக் கடைசி வரிசையைப் பாருங்கள், நான் இன்றைக்கும் அங்கேதான் போய் நிற்பேன்.

ஆதிமூலம் இவர்கள் யாரோடும் சேராதவர். கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு அவர் போட்ட கோடுகள் முறுக்கிக்கொண்டு கரடுமுரடாக இருக்கும். பளபளப்புக்குப் பழகின கண்ணுக்கு முதலில் பிடிக்காமல்கூடப் போகலாம், கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

இவ்வளவு பேரும் கோட்டை நம்பியதற்கு அச்சும் ஒரு காரணம். அந்தக் காலத்தில் படம் அச்சடித்த லைன் பிளாக் என்ற அச்சுக்கட்டையில் கறுப்பு வரும், வெள்ளை வரும், நடுவில் சாம்பல் வராது. நிழல் வேண்டுமென்றால் நிப்பை மையில் தொட்டு நெருக்கமாகக் கோடு போட வேண்டும், இல்லையென்றால் புள்ளி வைக்க வேண்டும். அந்த நெருக்கத்தை வைத்தே இது யார் கை என்று சொல்லிவிடலாம், மூலையில் கையெழுத்தைத் தேட வேண்டாம்.

பரணில் ஒன்றும் இல்லையா? சரி, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. சென்னை வந்தால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள்.

கேள்வி: அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் படம் யார் வரைந்தது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: சங்கர். முழுப்பெயர் கே.சி.சிவசங்கரன். 1952ல் அங்கே சேர்ந்தவர், 2020ல் தன் 96வது வயதில் காலமானார். உருவிய வாளோடு, தோளில் பிணத்தைச் சுமந்துகொண்டு ராஜா நடக்கிற அந்தப் படத்தை ஒருமுறை வரைந்து பார்த்தால்தான் அதன் கஷ்டம் புரியும். தோளில் கிடப்பது கனக்க வேண்டும், ஆனால் ராஜாவின் நடை தளரக் கூடாது. எனக்கு இதுவரை வரவில்லை.

கேள்வி: பெரிய ஓவியர்களைப் பார்த்து வரைவது தப்பா? சொந்தப் பாணி கெட்டுவிடும் என்கிறார்களே?
- வாசகர், மதுரை

பதில்: பயிற்சிக்கு வரைவது தப்பே இல்லை. உங்கள் படம் என்று வெளியிட்டால்தான் தப்பு. மணியத்தின் மகன்தான் மணியம் செல்வன். அப்பாவின் படங்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர், ஆனால் நீர்வண்ணம் கரைந்து பரவுகிற அவருடைய படத்தை அப்பா படத்தோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை. நீங்கள் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டுக் குத்துவிளக்கு போதும். அதை சில்பி போல ஒரு தடவை, கோபுலு போல ஒரு தடவை, ஆதிமூலம் போல ஒரு தடவை வரையுங்கள். நாலாவதாக யாரையும் பார்க்காமல் வரைந்து, நாலையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள்.