நிழல் இருந்தும் ஏன் புழுங்குகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. நகரின் நடுவே மரங்கள் அடர்ந்த பூங்காவுக்கு வெயில் தாழ்ந்ததும் அழைத்துப் போகிறேன். "மரத்தடிதான், ஆனாலும் புழுங்குதே" என்கிறார். எப்போது போவது, எங்கே உட்காரவைப்பது?

பதில்: அம்மா சொல்வது சரிதான். பூங்காவுக்குள் காற்றின் வெப்பநிலை வெளியே இருப்பதைவிடப் பெரும்பாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் குறைவாக இருக்கும். பகலில் அங்கே இதமாக இருப்பதற்கு முக்கியக் காரணம், உடம்பில் நேர் வெயில் படாததும் தரை சூடேறி நம்மேல் அனலடிக்காததும்தான். இலைகளும் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும். இலைமேல் விழும் வெயிலில் ஒரு பெரும்பங்கு இப்படியே செலவாகிவிடுகிறது.

பொழுது சாய்ந்தபின் நிழலுக்கு வேலை இல்லை. பகலில் தரையில் சேர்ந்த சூடு வானத்தை நோக்கி வெளியேற வேண்டும். அடர்ந்த கிளைகள் கூரைபோல அதை மறிக்கின்றன. காற்றோட்டமும் குறைவு, ஈரமும் அதிகம், அதனால் வியர்வை காய்வதில்லை. மரங்கள் கரியமில வாயு விடுவதால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். திறந்த வெளியில் அந்த அளவு மிகச் சொற்பம். எனவே மரத்தடிக்குக் காலை ஒன்பது, பத்து மணிக்குப் போங்கள். மாலைதான் வசதி என்றால் புல்வெளி ஓரமாக, வானம் தெரியும் இடத்தில் உட்காரவையுங்கள். புல்தரை சீக்கிரம் ஆறிவிடும்.

நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் மரத்துக்கு மேற்கே விழும், பிற்பகலில் கிழக்கே. கொஞ்சம் முன்புவரை வெயிலில் கிடந்த கல் பெஞ்சு நிழல் வந்த பிறகும் சுடும். உட்காரும் முன் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முழங்கால் வலிக்குத் தாழ்வான இருக்கை ஆகாது. பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது. கைப்பிடி இருந்தால் ஊன்றி எழுந்துகொள்வார்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பளீரென்ற வெயிலிலிருந்து சட்டென்று நிழலுக்குள் வந்தால், வயதானவர்களின் கண் பழகக் கூடுதல் நேரம் பிடிக்கும். வேர் தூக்கிவிட்ட நடைபாதைக் கல் அந்த நேரத்தில் தெரியவே தெரியாது. வாசலைத் தாண்டியதும் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றிரண்டு நிமிடம் நின்றுவிட்டு நடங்கள்.

அப்புறம், உட்காரும் இடத்துக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். இலையில்லாமல் காய்ந்த கிளை தொங்கினாலோ, அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் முளைத்திருந்தாலோ வேறு மரம் தேடுங்கள். இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்து வெளியே வாருங்கள்.