நடக்காததும் நினைவில் இருக்கும்: கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் நடத்துகிறவன் என்பதால் நினைவு பற்றிய கேள்விகளை என் தலையில் கட்டிவிட்டீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோனது நான்தான். பலூன்காரர் பக்கத்தில் நின்று அழுததுகூட ஞாபகம் இருக்கிறது. என் தம்பியோ 'அது நான்' என்று சாதிக்கிறான். அம்மாவும் இப்போது இல்லை. யார் சொல்வது சரி?

அம்மா இல்லையென்றால் தீர்ப்பு சொல்ல ஆளில்லை. ஆனால் உங்களில் ஒருவர் பொய் சொல்வதாக அர்த்தமில்லை. 2001இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள் இரட்டையர்களைக் கூப்பிட்டுப் பழைய சம்பவங்களைக் கேட்டபோது, ஒரே சம்பவத்தை இருவருமே 'எனக்கு நடந்தது' என்று உரிமை கொண்டாடியது பல ஜோடிகளில் தெரிந்தது. இரட்டையர் அல்லாத உடன்பிறப்புகளிடமும் இது உண்டு.

அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்கிற பிள்ளையின் மனதில் ஒரு படம் ஓடியிருக்கும். அழுகிற குழந்தையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பது இயல்பு. பத்து வருடம் கழித்துக் கதை கேட்டது மறந்துபோகும், படம் மட்டும் நிற்கும். பலூன்காரர் ஞாபகம் இருக்கிறது என்கிறீர்கள். தம்பியைத் தனியாக விசாரித்துப் பாருங்கள், அவருக்கும் இதே அளவு விவரம் இருக்கலாம்.

வெறுமனே கற்பனை செய்தாலே அது நினைவாகிவிடுமா? நம்பும்படி இல்லையே.

இதைத்தான் 1996இல் மேரியான் கேரி, எலிசபெத் லாஃப்டஸ் குழுவினர் சோதித்தார்கள். 40 சம்பவங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்து, இவை சிறுவயதில் உங்களுக்கு நடந்திருக்குமா என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து, அவற்றில் சிலவற்றை மட்டும் கற்பனை செய்யச் சொன்னார்கள். ஒன்று இப்படிப் போகும்: பள்ளி விட்டு வந்து வீட்டுக்குள் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே ஏதோ சத்தம். ஜன்னலுக்கு ஓடுகிறீர்கள், கால் தடுக்குகிறது, விழாமல் இருக்கக் கையை நீட்டுகிறீர்கள், கை கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகிறது, ரத்தம் வருகிறது. நடுநடுவே, அப்போது என்ன தோன்றியது, எதில் தடுக்கினீர்கள் என்று கேள்வியும் கேட்டார்கள்.

இவ்வளவுதான், சில நிமிட வேலை. அப்புறம் 'பழைய தாள் தொலைந்துவிட்டது, மறுபடி நிரப்புங்கள்' என்று சொல்லி அதே பட்டியலை நீட்டினார்கள். கற்பனை செய்தவர்களில் 24% பேருக்கு, கண்ணாடி உடைந்தது உண்மையாக நடந்திருக்கும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. கற்பனை செய்யாதவர்களில் அது 12%. அந்த 12%ஐயும் கவனியுங்கள். ஒரே கேள்வியை இரண்டாம் முறை பார்ப்பதே கொஞ்சம் ஏற்றிவிடும் என்று விமர்சகர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வித்தியாசம்தான் கற்பனையின் பங்கு. அதோடு, இங்கே கூடியது நம்பிக்கை மட்டும்தான். முழு நினைவு முளைத்துவிட்டதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

காரணத்தை உளவியலாளர் மார்சியா ஜான்சன் 1981லேயே விளக்கத் தொடங்கிவிட்டார். ஒரு நினைவு வரும்போது, இது கண்ணால் கண்டதா, மனதில் ஓட்டியதா என்பது அதில் எழுதப்பட்டிருக்காது. நிறம், சத்தம், இடம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்து மூளை குத்துமதிப்பாக முடிவு செய்கிறது. நன்றாகக் கற்பனை செய்தால் இவை எல்லாமே வந்துவிடுகின்றன. மதிப்பீடு அங்கேதான் சறுக்குகிறது.

எனக்கு ஒரு வயதில் தொட்டிலில் கிடந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மேலே தொங்கிய கிலுகிலுப்பையின் நிறம் வரை சொல்வேன்.

நிறம் சொல்வீர்கள், சந்தேகமே இல்லை. 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 6,641 பேரிடம் முதல் நினைவைக் கேட்டார்கள். 38.6% பேர் இரண்டு வயதோ அதற்கு முந்தையதோ சொன்னார்கள். பெரியவர்களான பிறகும் தங்குகிற நினைவுகள் பொதுவாக மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் தொடங்குகின்றன. மீதியெல்லாம் போட்டோ, பாட்டி சொன்னது, பின்னாளில் பார்த்த வேறொரு தொட்டில் ஆகியவை சேர்ந்து உருவானவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த ழான் பியாஜேவுக்கே இது நடந்தது. பாரிஸின் ஷான்ஸ் எலிசே வீதியில் தள்ளுவண்டியில் இருந்த தன்னை ஒருவன் கடத்த வந்ததும், தாதி எதிர்த்து நின்று முகத்தில் கீறல் வாங்கியதும் அவருக்குக் கண்முன் நின்றன. அவருக்கு 15 வயது இருக்கும்போது அந்தத் தாதி வீட்டுக்குக் கடிதம் எழுதினார். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பில் சேர்ந்திருந்தார், பழைய தவறுகளை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. கடத்தல் முழுக்கக் கட்டுக்கதையாம், கீறலும் அவரே போட்டுக்கொண்டதாம். வெகுமதியாகக் கொடுத்த கடிகாரத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெற்றோர் நம்பிச் சொன்ன கதையைக் கேட்டுத்தான் தன் மனம் அந்தக் காட்சியைக் கட்டியது என்று பியாஜே பிறகு எழுதினார்.

போட்டோ இருந்தால் நம்பலாம்தானே?

போட்டோ உண்மையானதாக இருந்தால். 2002இல் கிம்பர்லி வேட் குழுவினர், 20 பேரின் சிறுவயதுப் படங்களை வெப்பக்காற்று பலூன் படத்தில் ஒட்டிக் காட்டினார்கள். யாருமே பலூனில் ஏறியதில்லை. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை பேட்டி எடுத்தார்கள், இடையில் வீட்டில் தினமும் அதை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். முடிவில் பாதிப் பேருக்குப் பலூன் பயணம் முழுதாகவோ அரைகுறையாகவோ 'நினைவு வந்தது'. செல்போனிலேயே போலிப் படம் உருவாக்குகிற காலத்தில் இதைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.

வீட்டைப் பூட்டி பஸ் ஸ்டாண்ட் வரை வந்த பிறகு, காஸை அணைத்தோமா என்று தெரியவில்லை. அணைத்த மாதிரியும் இருக்கிறது, அணைக்கப் போகிறோம் என்று நினைத்த மாதிரியும் இருக்கிறது. இதுவும் அந்த வகையா?

அதே குடும்பம்தான். 1998இல் கோஃப், ரோடிகர் என்ற இருவர் குச்சியை உடைப்பது போன்ற சில்லறைச் செயல்களைக் கொடுத்தார்கள். சிலவற்றைச் செய்ய வேண்டும், சிலவற்றைக் கற்பனை மட்டும் செய்ய வேண்டும். எத்தனை தடவை கற்பனை செய்தார்களோ, அந்த அளவுக்குப் பிறகு 'செய்தேன்' என்று தவறாகச் சொல்வதும் கூடியது. 2006இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி வளாகத்தில் இதைக் கோமாளித்தனம் வரை கொண்டுபோனார்கள். பெப்ஸி இயந்திரத்திடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்பதாக மாணவர்களைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். இரண்டு வாரத்தில் சிலருக்கு அதையே நிஜமாகச் செய்ததாக நினைவு.

உங்களுக்கு உபயோகமான சோதனை 2003இல் நெதர்லாந்தில் நடந்தது. கணினித் திரையில் ஒரு காஸ் அடுப்பு. அதை மறுபடி மறுபடி சரிபார்த்தவர்களின் நினைவு அப்படியொன்றும் கெட்டுவிடவில்லை, ஆனால் அந்த நினைவின் தெளிவும் அதன்மேல் இருந்த நம்பிக்கையும் சரிந்துவிட்டன. திரும்பத் திரும்பப் பார்ப்பதால் சந்தேகம் வளரத்தான் செய்கிறது. ஒரே ஒரு தடவை, குமிழைத் தொட்டு, 'அணைத்தாச்சு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். தினமும் இதனால் வேலை கெடுகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஞாபகசக்தி அபாரமாக இருப்பவர்கள் தப்பிப்பார்களா?

இல்லை. எந்தத் தேதியைச் சொன்னாலும் அன்று நடந்ததைச் சொல்கிற அபூர்வமான 20 பேரை 2013இல் சோதித்தார்கள். அவர்களும் மற்றவர்களைப் போலவே ஏமாந்தார்கள்.

ஆராய்ச்சி செய்கிறவர்களும் விதிவிலக்கல்ல. லாஃப்டஸின் அம்மா 1959இல் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார், மகளுக்கு அப்போது 14 வயது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு குடும்ப நிகழ்ச்சியில் மாமா ஒருவர், 'உடலை முதலில் பார்த்தது நீதான்' என்றார். அடுத்த சில நாட்களில் குளமும் மிதக்கும் உடலும் லாஃப்டஸுக்கு நினைவு வரத் தொடங்கின. அப்புறம் போன் வந்தது: மாமா தவறாகச் சொல்லிவிட்டார், பார்த்தது அத்தை.

அப்படியானால் யாருக்கும் எதை வேண்டுமானாலும் புகுத்திவிடலாமா? குற்றமே செய்யாதவரை 'செய்தேன்' என்று நம்பவைக்க முடியுமாமே!

கொஞ்சம் நிதானியுங்கள். 1995இல் வந்த பிரபலமான ஷாப்பிங் மால் சோதனையில், சிறுவயதில் கடையில் தொலைந்துபோனதாகக் குடும்பத்தார் பெயரால் சொல்லப்பட்ட கதையை 24 பேரில் சுமார் கால்வாசிப் பேர்தான் ஏற்றார்கள். 2023இல் 123 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது 35%. பெரும்பாலோர் 'அப்படி எதுவும் நடக்கவில்லை' என்றுதான் சொன்னார்கள். 1997இல் கேத்தி பெஸ்டெக் குழுவினர் மாலில் தொலைந்த கதையோடு, சிறுவயதில் எனிமா கொடுக்கப்பட்டதாக ஒரு கதையையும் சொல்லிப் பார்த்தார்கள். முதலாவதைச் சிலர் ஏற்றார்கள், இரண்டாவதை ஒருவர்கூட ஏற்கவில்லை. நடந்திருக்கலாம் என்று தோன்ற வேண்டும், அது முக்கியம்.

நீங்கள் சொல்லும் குற்ற ஆய்வு 2015இல் வந்தது, 70% என்று தலைப்புச் செய்தியானது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே பேட்டிகளை, 'நம்புவது' வேறு, 'நினைவிருப்பது' வேறு என்று பிரித்துக் கணக்கிட்டபோது 26 முதல் 30% ஆகச் சுருங்கியது. அதுவும் சின்ன எண்ணிக்கை அல்ல. மூன்று பேட்டிகளில், அன்பாகப் பேசும் ஒருவர் 'கண்ணை மூடி யோசித்துப் பாருங்கள்' என்று சொல்லியே இது நடந்தது.

என் ஆறு வயது மகள் பள்ளியில் ஏதோ நடந்ததாகச் சொல்கிறாள். இதையெல்லாம் படித்த பிறகு அவளை நம்புவதா வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறது.

நம்பிக் கேளுங்கள் அம்மா. ஒரு பிள்ளையின் பேச்சைத் தட்டிக்கழிக்க இந்த ஆய்வுகளைச் சாக்காக வைப்பது எனக்குச் சம்மதமில்லை. இவை சொல்வது, கேட்கிற முறையில் கவனம் வேண்டும் என்பதைத்தான். 'என்ன நடந்தது? அப்புறம்?' என்று மட்டும் கேளுங்கள். 'அந்தச் சார் அடித்தாரா?' என்று பெயரையும் செயலையும் நீங்களே கொடுக்க வேண்டாம். 'இப்படி நடந்திருந்தால் எப்படி இருக்கும், நினைத்துப் பார்' என்பது வேண்டவே வேண்டாம். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே அன்றே எழுதித் தேதி போடுங்கள். வீட்டில் ஆளுக்கொரு தடவை விசாரிக்காதீர்கள். விஷயம் பெரிது என்று பட்டால் தாமதிக்காமல் 1098க்கு அழையுங்கள், குழந்தைகளுக்கான உதவி எண் அது.

மூளை ஏன் இப்படி ஓட்டையாக இருக்க வேண்டும்?

நாளையை யோசிக்கவும் அதே மூளைதான் வேண்டும். 2007இல் லண்டனில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி பழுதான ஐந்து நோயாளிகளிடம், வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். நான்கு பேரால் ஒழுங்காக முடியவில்லை. ஒருவருக்குக் கடற்பறவைச் சத்தம் கேட்டது, கண்ணுக்கு வானம் தவிர வேறெதுவும் தெரியவில்லை. நேற்றை இழந்தவர்களுக்கு, இல்லாத ஒரு காட்சியைக் கட்டவும் துண்டுகள் கிடைக்கவில்லை.

பொய் நினைவு ஒன்று ஒட்டிக்கொண்டால் எடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். 2021இல் ஜெர்மனியில் முதலில் பொய் நினைவுகளைப் புகுத்திவிட்டு, பிறகு இரண்டு விஷயங்களைச் சொன்னார்கள்: நினைவென்று தோன்றுவது குடும்பக் கதையாலோ போட்டோவாலோ வந்திருக்கலாம், திரும்பத் திரும்பக் கேட்பதாலும் இல்லாதது முளைக்கலாம். பொய் நினைவுகள் வெகுவாகக் குறைந்தன. உண்மையானவை பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆகவே திருவிழாவில் தொலைந்த அண்ணனும் தம்பியும், அந்தக் கதையை முதலில் யார் வாயால் கேட்டோம் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.