மறு: வாட்ஸ்அப்பில்தான் எல்லாம் பூட்டியிருக்கிறதே?

மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படி செய்தியைப் பூட்டுவது) இருக்கும்போது வேறு என்ன வெளியே தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். செய்தியின் உள்ளடக்கம் வரை சரி. ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினீர்கள் என்பதை அது மறைக்காது. 2013-இல் எட்வர்ட் ஸ்னோடென் கசியவிட்ட உளவு ஆவணங்களில் முதலில் வெளியானதே இதுதான்: அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ, வெரைசான் என்ற தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய அழைப்பு விவரங்களை மொத்தமாகப் பெற்றுக்கொண்டிருந்தது. பேச்சு இல்லை, எண், நேரம், கால அளவு போன்றவைதான். நள்ளிரவில் தற்கொலைத் தடுப்பு எண்ணுக்கு ஒரு மணி நேரம் பேசியவரைப் பற்றி இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பேக்கப். கிளவுடில் போகும் பிரதிக்கும் மறையாக்கம் இயக்கியிருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவரும் இயக்கியிருக்க வேண்டும் (இதைத்தான் பலரும் மறக்கிறார்கள்). தொடர்பு விவரமே உறுத்தினால் சிக்னல் என்ற செய்திச் செயலிக்கு மாறலாம். 2016-இல் பயனர் விவரம் கேட்டுச் சட்டப்படி ஆணை வந்தபோது சிக்னலை நடத்துபவர்களால் கொடுக்க முடிந்தது, கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே.