உயர் நீதிமன்றம் போகலாமா?

கேள்வி: எங்கள் காணிப் பங்கீட்டு வழக்கில் மாவட்ட நீதிமன்றில் வென்றோம். குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. தீர்ப்பின் பிரதி இன்னும் கைக்கு வரவில்லை. வந்த பிறகு கொழும்புக்குப் போகலாமா?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: காத்திருக்காதீர்கள். உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய முதலில் அனுமதி கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். அந்த அனுமதி மனுவுக்கான ஆறு வாரம், அதாவது 42 நாள், தீர்ப்பு நாளிலிருந்தே ஓடுகிறது. பிரதி கிடைத்த நாளிலிருந்து அல்ல. சனி, ஞாயிறும் கணக்கில் சேரும். அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். அது பிந்தினால் காரணத்தை மனுவிலேயே எழுதி, பின்னர் சமர்ப்பிக்க அனுமதி கேட்கலாம்.

அடுத்தது, என்ன கேட்பது? 'எதிராளியின் சாட்சி பொய்' என்றால் எடுபடாது. கனதியான சட்டக் கேள்வி வேண்டும். உதாரணமாக: கூட்டுப் பங்காளி ஒருவர் நெடுங்காலம் குடியிருந்தார் என்பதற்காகவே முழுக் காணியும் அவருக்கு ஆட்சியுரிமையாகுமா (நீண்டகால அனுபவிப்பால் சொந்தமாகுமா), மற்றப் பங்காளிகளின் உரிமையை வெளிப்படையாக மறுத்ததும் நிரூபிக்கப்பட வேண்டுமா? இப்படிக் கூர்மையாக இரண்டு மூன்று போதும். பதினைந்து எழுதுவது பலவீனத்தைத்தான் காட்டும்.

நல்ல மனுக்கள் கவிழ்வது பெரும்பாலும் அறிவித்தலில். மனு, சத்தியக்கடதாசியுடன் ஒவ்வொரு எதிர்மனுதாரருக்கும் அறிவித்தல், பிரதிகள், விலாசமிட்டு முத்திரை ஒட்டிய பதிவுத் தபால் உறைகள் கொடுக்க வேண்டும். பங்கீட்டு வழக்கில் இருபது பேர் இருந்தால் இருபது உறை. சிலர் கனடாவிலோ பிரான்சிலோ இருப்பார்கள், இறந்தவர்களும் இருக்கலாம். முதலில் அந்தப் பட்டியலைச் சரிபாருங்கள். மனு கொடுத்து இரண்டு வாரம் கழிந்த பிறகு, மூன்று வாரத்துக்குள் உங்கள் சட்டத்தரணி பதிவகத்தில் உறை திரும்பியதா என்று பார்க்க வேண்டும். திரும்பியிருந்தால் சரியான விலாசம் கொடுக்க வேண்டும்.