காற்றில்லா ஈ. கோலையில் எம்ஆர்என்ஏ நீடிப்பது பிழையா?

வணக்கம். ஆக்சிஜன் இல்லாமல் வளர்த்த ஈ. கோலை பாக்டீரியாவில், புது ஆர்என்ஏ உருவாவதை நிறுத்தும் ரிஃபாம்பிசின் மருந்தைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலான எம்ஆர்என்ஏ (மரபணுவின் செய்தியைப் புரதம் செய்யக் கொண்டுபோகும் நகல்) கூடுதல் நேரம் தாங்குகிறது, சூப்பர்ஆக்சைடை அழிக்கும் நொதிக்கான சோட்பி எம்ஆர்என்ஏ மட்டும் அளவே குறைந்து கிடக்கிறது, சோதனை சொதப்பிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள்.

சொதப்பவில்லை என்றே நினைக்கிறேன். காற்றில்லாச் சூழலில் ஈ. கோலையின் ஆர்என்ஏ சிதைவு மெதுவாவது 1993லேயே பதிவான விஷயம். மெதுவாக வளரும் செல், கையிலிருக்கும் எம்ஆர்என்ஏவை நீட்டித்து வைத்துக்கொள்கிறது.

சோட்பி கதை வேறு. ஆக்சிஜன் போனதும், அதை உணரும் எஃப்என்ஆர் புரதம் செயலுக்கு வந்து, எஃப்என்ஆர்எஸ் என்ற குட்டி ஆர்என்ஏவை உருவாக்க வைக்கும். அந்தக் குட்டி ஆர்என்ஏ, குட்டி ஆர்என்ஏக்களை எம்ஆர்என்ஏவோடு சேர்த்துவைக்கும் எச்எஃப்க்யூ புரதத்தின் துணையோடு சோட்பி எம்ஆர்என்ஏவை அடக்கிவிடும். ஆக்சிஜனிலிருந்து வரும் நச்சான சூப்பர்ஆக்சைடே உருவாகாத இடத்தில் அதை அழிக்கும் நொதிக்கு என்ன வேலை? எஃப்என்ஆர்எஸ் மரபணு நீக்கிய ரகத்தையும் கூடவே ஓட்டிப் பாருங்கள். அதில் சோட்பி ஏறினால் விடை கிடைத்தது.

எனக்கு இடிப்பது, வளர்ப்பிலிருந்து சோதனைக்கு மாதிரி எடுக்கும் விதம்தான். ஆக்சிஜன் பட்ட சில நிமிடங்களிலேயே எஃப்என்ஆரின் இரும்பு-கந்தகக் கொத்து உடைந்துபோகும். ரிஃபாம்பிசின் கரைசலிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கும். நைட்ரஜன் ஊதி அதை விரட்டிவிட்டு, ரப்பர் மூடி வழியாக ஊசியால் செலுத்துங்கள். எடுத்த மாதிரி, ஆர்என்ஏ சிதைவை அங்கேயே நிறுத்தும் குளிர்ந்த ஃபீனால்-எத்தனால் கலவைக்குள் நேராகப் போகட்டும். அப்புறம், காற்றுள்ளது, காற்றில்லாதது என்ற இரண்டு வளர்ப்புகளையும் மடக்கை வளர்ச்சிக் கட்டத்திலேயே (செல்கள் சீராக இரட்டித்துப் பெருகும்போதே) எடுங்கள். வளர்ச்சி நின்றுபோன செல்களில் காற்று இருந்தாலும் எம்ஆர்என்ஏ நீடிக்கும்.