மைக்கில் விழும் இருமல்

கேள்வி: எம்.பி.பி.எஸ். முடித்து, அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான ஸ்டெப் தேர்வுகள் எழுதி, அங்கே இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பெறும் சிறப்புப் பயிற்சிக்கு, விண்ணப்பித்திருக்கிறேன். நான்கு இடங்களில் ஜூம் இன்டர்வியூ. எல்லாமே நம் நேரப்படி ராத்திரியில். கேமரா, வெளிச்சம், பின்னணி எப்படி இருக்க வேண்டும்? பதில்களை மனப்பாடம் செய்யலாமா? போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோதுதான் இந்தத் துறை என்று முடிவு செய்தேன். விண்ணப்பத்தோடு என்னைப் பற்றி எழுதித் தரும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டிலும் அதைத்தான் எழுதினேன். ராத்திரியில் அவர் இருமிக்கொண்டே இருப்பதால், இன்டர்வியூ எல்லாம் முடியும்வரை அத்தை வீட்டில் விட்டிருக்கிறோம். ஒரே படபடப்பாக இருக்கிறது.
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கேட்டதை முதலில் முடித்துவிடலாம். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும். உயரம் போதாவிட்டால் லேப்டாப்புக்கு அடியில் உன் தடிமனான மெடிசின் புத்தகங்களை அடுக்கு. வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். பின்னால் வெறும் சுவரே போதும். இன்வெர்ட்டரில் மோடமும் ஓடுகிறதா என்று ஒரு ராத்திரி மெயினை அணைத்துப் பார். மனப்பாடம் வேண்டாம், திரையில் கண் ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். நியூயார்க்கில் பகல் 2 மணி என்றால் அக்டோபரில் நமக்கு இரவு 11.30. நவம்பர் மாதத்தின் முதல் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியதும் அதுவே 12.30. இதில் கோட்டை விடாதே.

இனி அந்த இருமல். அதை ஒரே வரியில், மைக்குக்கு இடைஞ்சல் என்ற கணக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். நான் டாக்டர் இல்லை. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவது சிரமமாகலாம், தண்ணீரும் சாப்பாடும் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரை போகலாம் என்பது எனக்கே தெரியும். நீ பரீட்சைக்குப் படித்தவள். தண்ணீர் குடித்ததும் இருமுகிறாரா, படுத்த பிறகா? குரல் கரகரக்கிறதா? பிரஷருக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே வறட்டு இருமலைத் தருமாமே, அவர் மருந்துச் சீட்டைப் பார்த்தாயா? கடிதத்தில் ஒன்றையும் காணோம். வார்டில் இப்படி ஒருவர் வந்திருந்தால், 'அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்றா எழுதிக் கொடுத்திருப்பாய்?

இந்த இன்டர்வியூக்கள் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இழுக்கும். அத்தனை மாதம் அவரைத் தாங்கிப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப் போவது யார்? அத்தைக்கு என்ன வயது?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. எதிரே உட்காருபவர் கையில் உன் ஸ்டேட்மென்ட் இருக்கும். மரியாதைக்காவது, "அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்பார். அடுத்து, யார் பார்த்துக்கொள்கிறார்கள், பிசியோதெரபி நடக்கிறதா என்று பேச்சு போகும். அப்போது என்ன சொல்வாய்? லைட்டை எந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பதில் நன்றாகத் தெரியும்?

பெற்றவர்களை விட்டுவிட்டு வெளிநாடு போகக் கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். தாராளமாகப் போ. ஆனால் ஒருவருடைய நோயை விண்ணப்பத்துக்கு எடுத்துக்கொண்டு, அவரை மட்டும் வீட்டுக்கு வெளியே வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. படபடப்பு என்கிறாயே, எனக்கென்னவோ அதில் பாதி இன்டர்வியூவால் வந்ததாகத் தோன்றவில்லை.

நாளைக்கே போய் அவரைக் கூட்டி வா. விழுங்குவதைப் பரிசோதிக்க அவருடைய நரம்பியல் டாக்டரிடம் காட்டு. அதுவரை நிமிர்ந்து உட்கார வைத்துத்தான் சாப்பாடு. இன்டர்வியூ அன்று கதவைச் சாத்திக்கொள், வாய்க்குப் பக்கத்தில் மைக் வரும் ஹெட்செட் போட்டுக்கொள். அதையும் மீறிக் கேட்டால், "அப்பா பக்கத்து அறையில் இருக்கிறார், தேறி வருகிறார்" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர். வார்டிலேயே வாழ்கிறவர்கள் அவர்கள், இருமலுக்கா முகம் சுளிக்கப் போகிறார்கள்?

அப்புறம், எந்த இடம் முதலில் வேண்டும் என்று நீ வரிசைப்படுத்திக் கொடுக்கும் ரேங்க் லிஸ்ட். அதை உறுதி செய்துவிட்டால், உன் வரிசையையும் மருத்துவமனைகளின் வரிசையையும் பொருத்திப் பார்க்கும் மேட்ச்சில் எந்த இடம் கிடைக்கிறதோ அங்கே சேர்வதாக ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு நினைத்தபடி பின்வாங்க முடியாது. இன்டர்னல் மெடிசின் மூன்று வருடம். ராத்திரியில் அப்பாவோடு யார் இருப்பது, ஆள் வைப்பதானால் சம்பளம் யார் கொடுப்பது என்று அம்மாவிடமும் அத்தையிடமும் அதற்கு முன்பே பேசி முடி. பேசும்போது அப்பாவும் கூட இருக்கட்டும்.